அறிவித்தலும் ஆற்றுப்படுத்தலும்: இணைய வழங்கிப் பராமரிப்பு அறிவிப்புகள் தொல்காப்பியத் தொழில்முதனிலை நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மூலநூல்களை மின்னூலகங்களின் வழியே நோக்கும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில், அந்நூலகங்களைத் தாங்கும் வழங்கிகள் திட்டமிட்ட பராமரிப்பிற்காக நிறுத்தப்படும்போது பயனருக்கு வழங்கப்பெறும் அறிவிப்பு ஆய்வுப் பணியை நேரடியாகப் பாதிக்கிறது. அவ்வறிவிப்பின் மொழியைத் தொல்காப்பியம் சுட்டும் தொழில்முதனிலை எட்டனைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கில் உள்ள தமிழ் அறிவிப்புத் தொடர்களில் காலமும் நிலமும் கொள்வோனும் குன்றுவதை எடுத்துக்காட்டி, நாளிதழ்களின் மின்தடை அறிவிப்பையும் விக்கிமீடியாவின் தரவு மைய மாற்ற அறிவிப்பையும் ஒப்பிடுகிறது. மனிதருக்கு உரைக்கும் அறிவிப்பும் கணினிக்கு உரைக்கும் அறிவிப்பும் முரண்படாதிருத்தல் வேண்டும் என்பதும், வழிமாற்று முகப்பில் நில்லாது உரிய நூலிற்கே ஆற்றுப்படுத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தொழில்முதனிலை, பராமரிப்பு அறிவிப்பு, வழிமாற்று, மின்னூலகம், மேற்கோள் முகவரி, விக்கிமீடியா

1. முன்னுரை

தமிழாய்வாளர் மூலநூலைத் தேடிச் செல்லும் இடம் கடந்த கால் நூற்றாண்டில் பெரிதும் மாறியுள்ளது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகத் திட்டம் 2005இல் தொடங்கியது. இன்று முனைவர் பட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் பதிப்பாண்டும் பக்க எண்ணும் இடம்பெறுவது போலவே இணைய முகவரியும் இடம்பெறுகிறது.

இம்முகவரிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழங்கியைச் சார்ந்தவை. இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்போருக்கு அனுப்பும் கணினியே வழங்கி. வட்டு மாற்றம், மென்பொருள் மேம்பாடு, இடமாற்றம் ஆகியவற்றிற்காக அதனை இடையிடையே நிறுத்துதல் தவிர்க்கவியலாதது. திடீர்ப் பழுதிற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பழுது சொல்லாமல் வருவது. பராமரிப்போ நாளும் நேரமும் முன்னரே அறியப்பட்டது. ஆகவே பராமரிப்பின்போது பயனர் அடையும் இடர்ப்பாட்டிற்கு நிறுத்தம் மட்டும் காரணமன்று. அதனைச் சொல்லிய முறையும் காரணமாகிறது.

இக்கட்டுரையாளர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலுக்குரிய மேற்கோள்களை இறுதியாகச் சரிபார்க்க முற்பட்ட நாளில், பயன்படுத்திவந்த மின்னூலகம் ஒன்றின் முகவரிகள் யாவும் அதன் முகப்புப் பக்கத்திற்கே சென்றன. அங்குத் 'தளம் பராமரிப்பில் உள்ளது' என்னும் ஒற்றைத் தொடரே காணப்பட்டது. சில மணி நேரம் காத்திருப்பதா, அச்சுப் பிரதியைத் தேடி வேறு ஊர் செல்வதா என்பதை அத்தொடரைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை. பணி முடிந்த பின்னரும் பழைய முகவரிகளுட் பல உரிய நூற்பக்கத்தைக் காட்டவில்லை. இவ்வனுபவம் எழுப்பிய வினாக்கள் இரண்டு. ஒரு பராமரிப்பு அறிவிப்பு எவற்றைக் கூறினால் நிறைவுடையதாகும்? வருவோரை வேறிடத்திற்குத் திருப்பும் முறை எவ்வாறு அமைந்தால் அவர் தேடிவந்த நூல் அவருக்குக் கிட்டும்? இவ்விரண்டிற்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் கருவி: தொழில்முதனிலை எட்டு

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்தற்குரிய முதனிலைகள் எட்டு எனக் கூறப்படுகிறது. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என ஆறனை முதலில் எண்ணி, இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டனை அவற்றோடு சேர்த்து எட்டாக்குகிறது அந்நூற்பா. உரையாசிரியர்கள் குடம் வனையும் தொழிலைச் சான்றாக்கி இதனை விளக்குவர். வனைதல் வினை, வனைபவன் செய்வது, குடம் செயப்படுபொருள், வனையும் இடம் நிலம், வனையும் பொழுது காலம், திரிகை முதலியன கருவி, குடத்தைக் கொள்வோன் 'இன்னதற்கு' என்பதற்குரியவன், அதனால் விளைவது பயன். அடுத்து வரும் நூற்பா, வழக்கில் இவ்வெட்டனுள் குன்றத்தக்கன குன்றும் என அமைதி கூறுகிறது.

நன்னூல் வினைச்சொல்லின் இலக்கணம் கூறுமிடத்துச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனையே சுட்டுகிறது. கொள்வோனும் பயனும் அப்பட்டியலில் இல்லை. இரு நூற்பாக்களும் அமைந்த இடம் வேறு, நோக்கம் வேறு. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறையுடையது எனல் பொருந்தாது. எனினும் இவ்வேறுபாடு நம் ஆய்விற்குப் பயன்படுவது. ஒரு வினையை வினையாக விளக்க ஆறு போதும். அவ்வினை எவரைச் சென்று தொடுகிறது என்பதையும் உரைக்க வேண்டுமாயின் எட்டும் வேண்டும். அறிவிப்பு என்பது பிறரைத் தொடும் வினையைப் பற்றியது.

இந்நூற்பா தொழிலின் இலக்கணத்தைக் கூறுவதேயன்றி அறிவிப்பு எழுதும் முறையைக் கூறுவதன்று. இங்கு அது பகுப்பாய்வுக் கருவியாக மட்டுமே கையாளப்படுகிறது. 'குன்றுவன குன்றும்' என்னும் அமைதியும் அவ்வாறே கொள்ளப்படுகிறது. பராமரிப்பு அறிவிப்பில் எவை குன்றலாம், எவை குன்றலாகாது என்பதே நாம் காண வேண்டுவது.

3. வழக்கில் உள்ள அறிவிப்புத் தொடர்கள்

தமிழ் இணையத்தளங்களிலும் செயலிகளிலும் பராமரிப்புக் காலத்தில் காணப்பெறும் தொடர்களைப் பின்வரும் மூன்று வகைகளுள் அடக்கலாம். இங்குத் தரப்படுவன குறிப்பிட்ட எத்தளத்தின் தொடரும் அல்ல. வகைகளைக் காட்டும் மாதிரிகள்.

(அ) தளம் பராமரிப்பில் உள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.
(ஆ) பராமரிப்புப் பணி காரணமாகச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.
(இ) தளம் மேம்படுத்தப்படுகிறது. விரைவில் மீண்டும் சந்திப்போம்.

மூன்றிலும் வினை உண்டு, செயப்படுபொருள் உண்டு. செய்வது இல்லை. (ஆ), (இ) ஆகியவற்றின் செயப்பாட்டு வினை செய்பவரை மறைத்துவிடுகிறது. (அ) தொடரோ ஒரு நிலையைக் கூறி நின்றுவிடுகிறது. செய்பவர் 'நாம்' எனத் தன்மைப் பன்மையில் வெளிப்படும் இடங்கள் இரண்டே. ஒன்று வருந்துமிடம், மற்றொன்று மீண்டும் வருவதாகக் கூறுமிடம். நிறுத்தும் வினைக்கு எழுவாய் இல்லை. வருத்தத்திற்கு எழுவாய் உண்டு. இவ்வமைப்பு அறிவிப்பாளரின் உள்நோக்கம் எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆங்கில அறிவிப்பு வாய்பாடுகளைத் தழுவி வழக்கூன்றியதாகலாம். ஆயினும் எவரிடம் கேட்பது என்று அறியாமல் பயனர் நிற்பதே இதன் விளைவு.

காலத்தைக் காட்டும் சொற்களாக வருவன 'தற்காலிகமாக', 'விரைவில்' என்பன. இவை காலப்பொருள் தருவன போலத் தோன்றினும் எல்லை தருவன அல்ல. 'தற்காலிகம்' என்பது பத்து நிமிடத்திற்கும் பொருந்தும். பத்து நாளுக்கும் பொருந்தும். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆய்வேடு ஒப்படைக்கும் நாளைத் தவறவிடுவதும் தவறவிடாமையுமாகும்.

வருத்தம் தெரிவிக்கும் தொடரின் வரலாறும் நோக்கத்தக்கது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பு அறுபடும்போது தோன்றிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் அட்டை ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்தது. அங்கு அத்தொடர் பொருத்தமுடையது. தடங்கல் எதிர்பாராதது, எப்போது நீங்கும் என்பது ஒளிபரப்புவோருக்கும் உறுதியாகத் தெரியாது. திட்டமிட்ட பணிக்கும் அதே வாய்பாட்டை எடுத்தாளும்போது, முன்னரே தெரிந்திருந்த செய்திகளைச் சொல்லாமல் விட்டதை வருத்தம் ஈடுசெய்வதில்லை.

4. மின்தடை அறிவிப்பு: தமிழில் உள்ள முன்மாதிரி

நிறைவான பராமரிப்பு அறிவிப்புக்குத் தமிழில் முன்மாதிரி இல்லை எனக் கூறவியலாது. துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புப் பணியை முன்னிட்டுத் தமிழக நாளிதழ்களில் வெளிவரும் மின்தடை அறிவிப்பு அன்றாடம் நம் கண்ணில் படுவது. துணைமின் நிலையத்தின் பெயர், பணியின் காரணம், நாள், 'காலை 9 மணி முதல்' என்றாற்போலத் தொடக்கமும் முடிவும், மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்கள், தெருக்கள் ஆகியவற்றின் பட்டியல், அறிவிக்கும் பொறியாளரின் பதவி ஆகியன அதில் இடம்பெறும்.

இவ்வறிவிப்பின் மொழிநடை எளிமையானது. அணிநயம் எதுவும் இல்லாதது. ஆயினும் தொழில்முதனிலைகளுள் பெரும்பாலானவற்றை அது கொண்டுள்ளது. 'முதல்', 'வரை' என்னும் இரு சொற்கள் காலத்திற்கு எல்லை வகுக்கின்றன. நீண்ட தெருப்பட்டியல் நிலத்தை வரையறுக்கிறது. அப்பட்டியலே 'இன்னதற்கு' என்பதையும் உள்ளடக்குகிறது. தன் தெருவின் பெயரைக் காண்பவர் இது தமக்கு உரியது என உணர்கிறார். அதைக் கண்டு இல்லத்தார் தொட்டியில் நீர் ஏற்றிவைக்கின்றனர், மாவரைப்போர் முந்திக்கொள்கின்றனர். அறிவிப்பு பயனுடையது என்பதற்கு இதுவே அளவுகோல். படித்தவர் ஒரு செயலை முன்கூட்டியே செய்துகொள்ள இயல வேண்டும்.

இணையத்தில் நிலம் என்பது யாது? ஊரும் தெருவும் அங்குப் பொருந்தா. வழங்கி எந்நாட்டில் உள்ளது என்பது பயனருக்குப் பெரும்பாலும் தேவையற்றது. அவருக்கு நிலமாவது சேவையின் பகுதி. நூற்பட்டியல் இயங்குமா, பக்கப் படங்கள் திறக்குமா, தேடல் கிட்டுமா, பதிவேற்றம் இயலுமா என்பனவே அவர் அறிய விரும்புவன. 'தளம்' என்னும் ஒற்றைச் சொல் இவை யாவற்றையும் மூடிவிடுகிறது. தெருப்பட்டியலுக்கு நிகரான சேவைப் பட்டியல் தமிழ் மின்னூலக அறிவிப்புகளுக்கு முதன்மையான தேவை எனலாம்.

5. விக்கிமீடியாவின் தரவு மைய மாற்றம்

திட்டமிட்ட பராமரிப்பைப் பயனருக்கு உரைப்பதில் ஆராயத்தக்க ஒரு சான்று விக்கிமீடியா நிறுவனத்தின் தரவு மைய மாற்றம். 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்கு உட்படுவதால் தமிழ்ப் பயனரையும் இது நேரடியாகத் தொடுகிறது. இந்நிறுவனத்தின் முதன்மைத் தரவு மையங்கள் இரண்டு. ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னில் உள்ளது. மற்றொன்று டெக்சாஸ் மாநிலத்து கேரல்டனில் உள்ளது. பேரிடரால் ஒன்று செயலிழப்பின் மற்றொன்று பணியை ஏற்குமா என்பதைச் சோதிக்கவும் பராமரிப்புக்கு இடம் தரவும், முதன்மைப் பொறுப்பு ஒரு மையத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றப்படுகிறது. முதல் மாற்றம் 2016 ஏப்ரலில் நிகழ்ந்தது. 2023 முதல் இது மார்ச், செப்டம்பர் மாதங்களில், பகலும் இரவும் ஒத்த நாளையொட்டி, ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது. நாள்காட்டியோடு பிணைத்தமையால் பயனர் முன்னரே எதிர்பார்த்திருக்க இயல்கிறது.

மாற்றம் நிகழும் சிறுபொழுதில் கட்டுரைகளைப் படிக்கலாம்; திருத்த இயலாது. இதற்கான அறிவிப்பு சில நாள்கள் முன்னரே விக்கித் திட்டங்களின் பொதுப் பக்கங்களில் இடப்படுகிறது. மாற்றத்திற்கு அரைமணி நேரம் முன்னர்ப் பதாகையும் தோன்றுகிறது. அவ்வறிவிப்பின் உள்ளடக்கத்தைத் தொழில்முதனிலைகளோடு பொருத்தினால் பின்வருமாறு அமையும்.

வினை: தரவு மையங்களுக்கிடையே போக்குவரத்தை மாற்றுதல்.
செய்வது: விக்கிமீடியா நிறுவனம், பெயர் சுட்டப்படுகிறது.
செயப்படுபொருள்: தளங்களுக்கு வரும் போக்குவரத்து.
நிலம்: எல்லா விக்கித் திட்டங்களும், படித்தல் இயலும், திருத்துதல் இயலாது எனப் பிரித்துக் கூறப்படுகிறது.
காலம்: நாளும், ஒருங்கிணைந்த உலக நேரப்படியான தொடக்கமும், ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்னும் மேல்வரம்பு.
கருவி: கூறப்படுவதில்லை.
இன்னதற்கு: திருத்துவோர், அவர் செய்ய வேண்டுவதும் கூறப்படுகிறது.
பயன்: பேரிடருக்குப் பின்னும் விக்கிப்பீடியா இயங்குதல்.

கருவி குன்றியுள்ளது. மையங்கள் அமைந்த ஊர்ப்பெயர்களும் இன்றியமையாதனவாகக் கொள்ளப்படவில்லை. இவை குன்றத்தக்கனவே, எந்த நிரலால் மாற்றம் செய்யப்படுகிறது என்பது திருத்துவோருக்கு உதவாது. காலமும் கொள்வோனும் பயனும் குன்றவில்லை. திருத்துவோர் பிழைச்செய்தியைக் கண்டால் காத்திருந்து பின்னர்ச் சேமிக்கலாம் என்றும், எழுதியதை முன்னரே படியெடுத்துக்கொள்வது நலம் என்றும் அறிவிப்பு கூறுகிறது. எத்திருத்தமும் இழக்கப்படாது என்று அது உறுதி கூறுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அறிவிப்பின் நேர்மை இவ்வரையறையில் வெளிப்படுகிறது.

காலத்தைக் கூறும் முறையில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஒரு மணி நேரம் என்னும் மேல்வரம்பு. அண்மைய ஆண்டுகளில் திருத்த இயலாத நேரம் உண்மையில் சில நிமிடங்களாகச் சுருங்கியுள்ளது. எனினும் அறிவிப்பு மிகுதியான அளவையே கூறுகிறது. முன்னதாக முடிந்தால் எவருக்கும் இழப்பில்லை. குறைத்துக் கூறிப் பின்னர் நீட்டித்தால் அடுத்த அறிவிப்பை எவரும் நம்பார். இரண்டாவது, நேரக் கணக்கு. உலக நேரம் 14.00 மணி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 7.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 10.00. பல நாடுகளில் வாழும் தமிழருக்கான தளம் 'மாலை 7.30' என்று மட்டும் கூறின் காலம் கூறப்பட்டும் கூறப்படாததாகும்.

இச்சான்று கருவியின் எல்லையையும் உணர்த்துகிறது. கேட்போர் செய்ய வேண்டுவது யாது என்னும் கூறு எட்டனுள் தனியே இல்லை. 'இன்னதற்கு' என்பதன் விரிவாக அதனை அடக்கலாமேனும், அறிவிப்பு இலக்கணத்தில் ஏவலை ஒன்பதாவது கூறாகக் கொள்வதே தெளிவுடையது.

6. கணினிக்கு உரைக்கும் அறிவிப்பு

பராமரிப்பு அறிவிப்புக்குக் கேட்போர் இருவர். ஒருவர் மனிதர், மற்றொன்று உலாவியும் தேடுபொறியின் தேடுநிரலும் ஆகிய கணினி நிரல். மனிதர் திரையில் உள்ள தொடரைப் படிப்பார். நிரல், பக்கத்தோடு வழங்கி அனுப்பும் மூன்றிலக்க நிலைக்குறியீட்டைப் படிக்கும். இக்குறியீடுகளின் பொருளை இணையத் தர ஆவணங்கள் வரையறுக்கின்றன. 2022 ஜூனில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110 அவற்றுள் அண்மையது.

200 என்னும் குறியீடு, கேட்ட பக்கம் செம்மையாகத் தரப்பட்டது எனப் பொருள்படும். 404, கேட்டது இங்கில்லை என்பதாகும். 503, சேவை இப்போது கிட்டாது என்பதாகும். 503உடன் 'எப்போது மீண்டும் கேட்கலாம்' என்னும் குறிப்பையும் நொடிக்கணக்கிலோ நாள், நேரமாகவோ அனுப்ப வழியுண்டு. 3600 எனக் குறித்தால் ஒரு மணி நேரம் கழித்து வருக என்பது பொருள். மனிதருக்கு 'காலை 4 மணி வரை' என்று உரைப்பதற்கு நிகரானது இது.

பலர் செய்யும் பிழை இங்கே நிகழ்கிறது. திரையில் 'பராமரிப்பில் உள்ளது' என்று எழுதிவிட்டுக் குறியீட்டை 200 ஆகவே விட்டுவிடுகின்றனர். மனிதருக்கு 'இல்லை' என்றும் கணினிக்கு 'இருக்கிறது' என்றும் ஒரே வேளையில் கூறுவதாக இது முடிகிறது. தேடுநிரல் பராமரிப்புத் தொடரையே அந்நூற்பக்கத்தின் உள்ளடக்கமாகக் கொண்டு தன் அட்டவணையைத் திருத்திக்கொள்ளக்கூடும். பணி முடிந்தபின்னும், நூலின் பெயரைத் தேடுவோருக்குச் சில காலம் அத்தொடரே முடிவாகத் தோன்றும். 404 அனுப்புவதும் தீங்கானதே; நூல் நீக்கப்பட்டதாக நிரல் கருதும். 503 இருப்பினும் பல நாள்கள் நீளுமாயின் தேடுபொறிகள் அப்பக்கத்தைத் தம் அட்டவணையிலிருந்து விலக்கத் தொடங்கும். தற்காலிகம் என்பதற்குக் கணினியும் எல்லை வைத்துள்ளது.

7. வழிமாற்றும் ஆற்றுப்படுத்தலும்

ஒரு முகவரிக்கு வருவோரை மற்றொரு முகவரிக்கு அனுப்புவதைத் தமிழ் விக்கிப்பீடியா 'வழிமாற்று' எனக் குறிக்கிறது. வழிமாற்றிலும் காலம் உண்டு. 301, 308 ஆகிய குறியீடுகள் 'என்றைக்கும் மாறியது' என்பன. 302, 307 ஆகியன 'இப்போதைக்கு அங்குச் செல்க' என்பன. பராமரிப்பின்போது மாற்று வழங்கிக்கு அனுப்ப வேண்டுமாயின் பின்னவையே உரியன. தவறுதலாக 301 அனுப்பினால் உலாவி அதனை நினைவில் கொண்டு, பணி முடிந்தபின்னும் பழைய முகவரியைக் கேளாமலேயே மாற்றிடத்திற்குச் செல்லக்கூடும். வழங்கியில் பிழையைத் திருத்தினாலும் பயனரின் கணினியில் உள்ள நினைவை வழங்கியாளரால் நேரே அழிக்கவியலாது.

களப்பெயரையே புதிய வழங்கிக்கு மாற்றும்போது வேறொரு கவனம் வேண்டும். களப்பெயருக்குரிய எண்முகவரியை இடைநிலைக் கணினிகள் ஒரு குறித்த காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 நொடியாயின், மாற்றத்திற்குப் பின் ஒரு நாள் வரை சிலர் பழைய வழங்கிக்கே செல்வர். ஆகவே குறைந்தது ஒரு நாள் முன்னதாக அதனை 300 நொடி போன்ற சிறு அளவாகக் குறைத்து, பணி முடிந்தபின் பழையபடி உயர்த்துவது முறை. அறிவிப்பைப் போலவே வழிமாற்றும் முன்கூட்டியே தொடங்க வேண்டியது என்பது இதனால் விளங்கும்.

இவற்றினும் ஆய்வாளரைப் பெரிதும் தாக்குவது எல்லா முகவரிகளையும் முகப்புக்கு அனுப்பும் வழக்கம். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்ட இரவலனுக்கு, இன்ன வழியே சென்றால் இன்னாரைக் காணலாம் என வழியையும் இடைப்பட்ட நிலங்களையும் அங்குக் கிட்டும் உணவையும் எடுத்துரைப்பது அவ்வகையின் மரபு. ஆற்றுப்படுத்தல் என்பது சேருமிடத்தைச் சேர்ப்பித்தல். ஒரு நூலின் ஒரு பக்கத்தைத் தேடி வந்தவரை முகப்பில் விடுவதோ, புரவலனைத் தேடி வந்தவனை ஊர் எல்லையில் நிறுத்தி, இதுதான் ஊர் எனக் கூறி மீள்வதை ஒத்தது. தேடுபொறிகளும் இத்தகைய வழிமாற்றைப் பக்கம் இல்லாமைக்கு நிகராகவே கருதுகின்றன.

முறையான ஆற்றுப்படுத்தலுக்குப் பழைய முகவரி ஒவ்வொன்றிற்கும் புதிய முகவரியைக் காட்டும் இணைப்பட்டியல் வேண்டும். நூல்களுக்கு நிலையான எண் இருப்பின் இப்பட்டியலை எளிதில் ஆக்கலாம். மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளுக்கு வரிசையெண் தந்துள்ளது, முதலெண் திருக்குறளுக்குரியது. திஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறிய நிலையிலும் அவ்வெண்ணைக் கொண்டு நூலை இனங்காண இயல்கிறது. நூலகத் திட்டமும் ஒவ்வோர் ஆவணத்திற்கும் நூலக எண் வழங்குகிறது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறாதது என்னும் கருத்தை 1998இலேயே கட்டுரையாக எழுதினார். வழங்கி மாறலாம், மென்பொருள் மாறலாம், மேற்கோளாக வெளியே சென்றுவிட்ட முகவரியை அழைத்து வந்து திருத்த எவராலும் இயலாது.

8. மாதிரி அறிவிப்பு

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், மின்னூலகம் ஒன்று கையாளத்தக்க அறிவிப்பு பின்வருமாறு அமையலாம். நாளும் நேரமும் மாதிரிக்காகத் தரப்பட்டவை.

'நூற்பக்கப் படங்களைப் புதிய வழங்கிக்கு மாற்றும் பணியை எம் தொழில்நுட்பப் பிரிவு 14.6.2025 சனிக்கிழமை இரவு 10.00 மணி முதல் 15.6.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 4.00 மணி வரை (இந்திய, இலங்கை நேரம்) மேற்கொள்கிறது. இந்நேரத்தில் பக்கப் படங்களைத் திறக்கவோ பதிவிறக்கவோ இயலாது. நூற்பட்டியலும் தேடலும் வழக்கம்போல் இயங்கும். உடன் தேவைப்படும் பக்கங்களைச் சனிக்கிழமை இரவு 9.30 மணிக்குள் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பணி முடிந்தபின் பழைய முகவரி ஒவ்வொன்றும் அந்தந்த நூலின் புதிய பக்கத்திற்கே செல்லும். அடிக்குறிப்புகளை மாற்ற வேண்டியதில்லை. படங்கள் விரைந்து திறக்கவும் அவற்றின் படிகள் ஈரிடத்தில் பாதுகாக்கப்படவும் இப்பணி செய்யப்படுகிறது. காலை 4.00 மணிக்குப் பின்னும் பக்கம் திறக்கவில்லையெனில், நூலின் எண்ணைக் குறித்து எமக்கு எழுதுங்கள்.'

இதில் எட்டு முதனிலைகளுள் கருவி ஒன்றே குன்றியுள்ளது. செய்பவர் எழுவாயாக வெளிப்படுகிறார். வருத்தம் தெரிவிக்கும் தொடர் இல்லை, விரும்பின் சேர்க்கலாம். நாளும் நேரமும் செய்ய வேண்டுவதும் கூறப்பட்ட இடத்தில் அது மரியாதையாக நிற்கும். அவை கூறப்படாத இடத்தில் வெற்றுரையாகும். இவ்வறிவிப்பைக் குறைந்தது ஒரு வாரம் முன்னர் ஒருமுறையும், பணிக்கு முந்தைய நாள் மீண்டும் ஒருமுறையும் இடுதல் நன்று. பணி நடக்கும்போது இதே தொடரை 503 குறியீட்டுடன் படப் பக்கங்களில் காட்டலாம்.

9. முடிவுரை

பராமரிப்பு அறிவிப்பு ஒரு தொழிலை உரைக்கும் சிறு உரை. தொல்காப்பியத் தொழில்முதனிலைகளோடு ஒப்பிட, கருவி குன்றினாலும் அறிவிப்பின் பயன் கெடுவதில்லை. காலமும் நிலமும் கொள்வோனும் குன்றின் அது அறிவிப்பாவதில்லை. இணையத்தில் நிலம் என்பது சேவையின் பகுதியாகும். மின்தடை அறிவிப்பின் 'முதல்–வரை' அமைப்பும் இடப்பட்டியலும் தமிழ் வழக்கிலேயே உள்ள முன்மாதிரிகள். மனிதருக்குக் கூறும் காலமும் கணினிக்குக் கூறும் காலமும் ஒத்திருத்தல் வேண்டும். வழிமாற்று முகப்போடு நில்லாது நூலைச் சென்று சேர்தல் வேண்டும்.

ஆய்வாளருக்கும் இதில் பங்குண்டு. அடிக்குறிப்பில் முகவரியோடு நூலின் நிலையான எண், பார்த்த நாள், அச்சுமூலத்தின் பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறித்தால் வழங்கி நின்ற நாளிலும் மேற்கோள் நிற்கும். 2001 முதல் பொதுப் பயன்பாட்டிலுள்ள வேபேக் மெஷின் போன்ற இணையக் காப்பகங்களில் மேற்கோள் பக்கத்தைச் சேமித்து, அக்காப்பு முகவரியையும் தருவது கூடுதல் காவலாகும். மின்னூலகங்கள் தம் அறிவிப்பு வரைவுகளைத் தமிழ்த்துறைகளோடு கலந்து உருவாக்குவதும், பராமரிப்புத் திட்டத்தில் இணைப்பட்டியலை ஓர் உறுப்பாகச் சேர்ப்பதும் இவ்வாய்வின் பரிந்துரைகள். அரசுச் சேவைத் தளங்கள், வங்கிச் செயலிகள் ஆகியவற்றின் தமிழ் அறிவிப்புகளை இதே நோக்கில் ஆராய்தல் மேலாய்வுக்குரியது.